மேட்ச் முடிந்தது என்றால் என்ன முடிந்தது?



'மேட்ச்' என்ற ஆங்கிலச் சொல் தெரியாத வீடு நம் விருதுநகர் மாவட்டத்தில் இருக்காது. சாத்தூர், சிவகாசிப் பக்கம் போனால் 'மேட்ச் ஒர்க்ஸ்' என்று பெயர்ப் பலகைகளைப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடும் அண்ணன், "இன்னைக்கு மேட்ச் இருக்கும்மா" என்கிறான். சேலை எடுத்த கையோடு அம்மா, "இதுக்கு மேட்சா ஜாக்கெட் துணி இருக்கா?" என்று கடைக்காரரிடம் கேட்கிறார். உங்கள் ஆங்கில வினாத்தாளில் 'மேட்ச் தி ஃபாலோயிங்' என்று ஒரு கேள்வி தவறாமல் வருகிறது.

எம், ஏ, டி, சி, எச். எழுத்து ஐந்துதான். செய்கிற வேலையோ ஒன்றல்ல, இரண்டல்ல!

இப்போது உங்கள் ஆங்கில நோட்டைத் திறந்து பாருங்கள். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு இருக்கும். இடப்பக்கம் சொல். வலப்பக்கம் அர்த்தம். 'மேட்ச் - போட்டி' என்று எழுதியிருப்பீர்கள். அதை பத்து முறை படித்து ஒப்பித்தால் பாடம் முடிந்தது. பெற்றோருக்கும் மகிழ்ச்சி, பிள்ளைக்கும் மகிழ்ச்சி.

ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று படிப்பது, வீட்டின் ஒரு அறையை மட்டும் பார்த்துவிட்டு 'வீடு முழுக்கப் பார்த்துவிட்டேன்' என்று சொல்வதைப் போன்றது என்பது என் கருத்து. அந்த நடுக்கோடு போட்ட நோட்டை மாற்ற வேண்டும். ஏன் என்று நம் ஊர்ச் சொல்லான இந்த 'மேட்ச்' மூலமாகவே சொல்கிறேன்.

முதலில் அது திரி

மேட்ச் என்றால் தீக்குச்சி என்று நமக்குத் தெரியும். ஆனால் தீக்குச்சி கண்டுபிடிப்பதற்குப் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சொல் இருந்தது. அப்போது அதற்கு என்ன பொருள் தெரியுமா? திரி! விளக்குத் திரி. பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து அது ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இன்றைக்கும் விளக்குத் திரியை 'மெஷ்' என்றுதான் சொல்கிறார்கள்.

பிறகு பீரங்கியும் துப்பாக்கியும் வந்தன. மருந்துக்கு நெருப்பு வைக்க, மெதுவாகக் கனன்றுகொண்டே இருக்கும் கயிற்றைப் பயன்படுத்தினார்கள். அதற்கும் மேட்ச் என்றே பெயர். அப்படித் திரி வைத்துச் சுடும் துப்பாக்கிக்கு 'மேட்ச்லாக்' என்று பெயர் வந்தது. பாளையக்காரர்கள் காலத்தில் நம் தென்சீமையிலும் அந்தத் துப்பாக்கிகள் இருந்தன. வரலாற்றுப் புத்தகத்தில் 'மேட்ச்லாக்' என்று படித்துவிட்டு, 'பூட்டுக்கும் போட்டிக்கும் என்ன சம்பந்தம்?' என்று குழம்பக் கூடாது. அது திரித் துப்பாக்கி.

அடுத்து, மெல்லிய மரச் சிம்பின் நுனியைக் கந்தகத்தில் தோய்த்து வைத்துக்கொண்டார்கள். அது தானாகப் பற்றாது. கங்கில் வைத்தால் குப்பென்று பிடித்துக்கொள்ளும். அதையும் மேட்ச் என்றே அழைத்தார்கள்.

உரசினால் பற்றும் குச்சியை விற்பனைக்குக் கொண்டுவந்தவர் ஜான் வாக்கர். இங்கிலாந்தில் ஸ்டாக்டன்-ஆன்-டீஸ் என்ற ஊரில் மருந்துக் கடை வைத்திருந்தவர். 1827-ம் ஆண்டு தம் கடையில் அந்தக் குச்சிகளை விற்கத் தொடங்கினார். குச்சியோடு ஒரு துண்டு உப்புத்தாளும் கொடுப்பார். அதை மடித்து, நடுவில் குச்சியை வைத்து இழுத்தால் நெருப்பு வரும்.

நெருப்பு கிடைத்தது. ஆபத்தும் சேர்ந்து வந்தது. அடுத்து வந்த குச்சிகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் என்ற நச்சுப் பொருளைச் சேர்த்தார்கள். அந்தக் குச்சி எங்கே உரசினாலும் பற்றியது. அதைவிடக் கொடுமை, அதைச் செய்த தொழிலாளர்களின் தாடை எலும்பு அரித்துப் போனது. 1906-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி, வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சிக்குத் தடை போட ஒப்பந்தம் செய்துகொண்டன.

இதற்கு மாற்று வழியை சுவீடன் நாட்டவர் ஏற்கெனவே கண்டுபிடித்திருந்தார்கள். 1844-ல் குஸ்தாவ் எரிக் பாஷ் என்பவர் நஞ்சில்லாத சிவப்புப் பாஸ்பரஸைக் குச்சியில் வைக்காமல், உரசும் பட்டையில் பூசும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பெட்டியில் உரசினால்தான் குச்சி பற்றும். உங்கள் வீட்டுத் தீப்பெட்டியின் மேல் 'சேஃப்டி மேட்சஸ்' என்று அச்சிட்டிருப்பார்களே, அதன் பொருள் இதுதான். நடுக்கோட்டு நோட்டை நம்பினால் அது 'பாதுகாப்பான போட்டிகள்' ஆகிவிடும்!

நம் நாட்டுக்கு ஒரு காலத்தில் சுவீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் தீப்பெட்டி கப்பலில் வந்தது. 1920-களின் தொடக்கத்தில் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். மழை குறைந்த நம் கரிசல் பூமிக்கு அது ஏற்ற தொழிலாக அமைந்தது. சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று பரவியது. பக்கத்திலேயே பட்டாசும் அச்சுத் தொழிலும் வளர்ந்தன.

இதில் ஒரு வேடிக்கை. பட்டாசுத் தொழிலில் 'குயிக் மேட்ச்' என்று ஒன்று உண்டு. நூலில் கருமருந்து பூசி, காகிதக் குழலுக்குள் வைத்திருப்பார்கள். மிக வேகமாக எரியும். அதாவது, திரி! பல நூறு ஆண்டுகளுக்கு முந்தைய பொருள் நம் பட்டாசு ஆலைக்குள் இன்னும் உயிரோடு இருக்கிறது. 'விரைவுப் போட்டி' என்று மொழிபெயர்த்தால் என்ன ஆவது!

இன்னொரு மேட்ச்

இதுவரை சொன்னது ஒரு மேட்ச். கிரிக்கெட் மேட்ச் இதன் தம்பியா, அண்ணனா? இரண்டும் இல்லை. உறவே இல்லாத வேறு சொல் அது! நல்ல ஆங்கில அகராதியைப் பார்த்தால் 'மேட்ச் 1', 'மேட்ச் 2' என்று தனித்தனியாக எண் போட்டிருப்பார்கள். ஒரே பெயருடைய இரண்டு பிள்ளைகள் ஒரே வகுப்பில் இருப்பார்கள் இல்லையா, அது மாதிரி. ஒருவர் வீட்டுக்கும் இன்னொருவர் வீட்டுக்கும் சம்பந்தம் இருக்காது.

இந்த மேட்ச் பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல். துணை, ஜோடி என்று அதற்குப் பொருள். ஜோடி என்றால் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். அதனால் சேலைக்கு மேட்சாக ஜாக்கெட். அதனால் 'மேட்ச் தி ஃபாலோயிங்', அதாவது பொருத்துக. அதனால்தான் கல்யாணப் பேச்சில் 'நல்ல மேட்ச்' என்றால் பொருத்தமான வரன்.

சரி, ஜோடி எப்படிப் போட்டி ஆனது? யோசித்துப் பாருங்கள். குத்துச்சண்டையில் எடை பார்த்துத்தான் இரண்டு பேரை மோத விடுகிறார்கள். ஐம்பது கிலோ வீரரை நூறு கிலோ வீரரோடு மோத விடுவதில்லை. சமமானவர் சமமானவரோடு மோதினால்தான் விளையாட்டு. 'எனக்குச் சரியான ஜோடி' என்பது 'எனக்குச் சமமான எதிராளி' என்று ஆகி, பிறகு அந்த ஆட்டத்துக்கே பெயராகிவிட்டது. எதிரணியைச் சமமாக மதித்தால்தான் அது மேட்ச் என்று அந்தச் சொல்லே நமக்குச் சொல்லித் தருகிறது, பாருங்கள்!

'சமம்' என்ற பொருளில் இருந்து இன்னும் இரண்டு பிறந்தன. 'நோ மேட்ச்' என்றால் ஈடு ஆகாது என்று பொருள். ஓட்டத்தில் சிறுத்தைக்கு ஆமை நோ மேட்ச். 'மேட்ச்லெஸ்' என்றால் ஈடு இணையற்ற என்று பொருள். எட்டயபுரத்தில் பிறந்த பாரதியாரை 'மேட்ச்லெஸ் போயட்' என்று யாராவது எழுதினால், ஈடு இணையற்ற கவிஞர் என்று புரிந்துகொள்ள வேண்டும். 'தீப்பெட்டி இல்லாத கவிஞர்' என்று எழுதிவிடாதீர்கள்!

தமிழ் மட்டும் என்னவாம்?

"ஆங்கிலம் ஏன் சார் இப்படிக் குழப்புது?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். குழப்பம் ஆங்கிலத்துக்கு மட்டும் சொந்தமில்லை. 'படி' என்றால் புத்தகத்தைப் படிப்பதும் படி, மாடிக்கு ஏறுவதும் படி, அரிசி அளப்பதும் படி. 'ஆறு' ஓடவும் செய்யும், ஐந்துக்கு அடுத்தும் வரும். இதெல்லாம் உங்களுக்குக் குழப்பமாகவா இருக்கிறது? இல்லையே! பக்கத்தில் வரும் சொல்லைப் பார்த்துத் தானாகவே புரிந்துகொள்கிறீர்கள்.

இப்போது ஓர் ஆச்சரியம் சொல்கிறேன். 'பொருத்து' என்ற தமிழ்ச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வினாத்தாளில் 'பொருத்துக' என்றால் இணை சேர்ப்பது. பொழுது சாயும்போது பாட்டி, "விளக்கைப் பொருத்துடா" என்றால் தீ ஏற்றுவது. "வெடியைப் பொருத்திப் போட்டுட்டு ஓடி வந்துரு" என்பதும் அதுதான். இணை சேர்ப்பது, தீ வைப்பது இரண்டும் ஒரே சொல்லில்! அதாவது மேட்ச் என்ற சொல்லைப் போலவே.

இன்னும் பாருங்கள். பழைய தமிழில் 'பொரு' என்றால் போரிடு என்று ஒரு பொருள். ஒத்திரு என்று இன்னொரு பொருள். மோதுவதும் சமமாக இருப்பதும் ஒரே சொல்லில். ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் இதில் உறவு எதுவும் கிடையாது. எங்கோ இருக்கும் இரண்டு மொழிகள் தற்செயலாக ஒரே வழியில் நடந்திருக்கின்றன. நமக்கு அதில் ஒரு லாபம் உண்டு. 'மேட்ச்' என்பதன் இரண்டு முகமும் நம் பாட்டியின் பேச்சிலேயே இருக்கிறது.

நம் ஊர்க்காரர்கள் ஆங்கிலச் சொல்லுக்குப் புதுப் பொருளும் கொடுத்திருக்கிறார்கள். 'ஆபீஸ்' என்றால் ஊர் உலகமெல்லாம் அலுவலகம். நம் பக்கம் "தீப்பெட்டி ஆபீசுக்குப் போறேன்", "பயர் ஆபீசுக்குப் போறேன்" என்றால், அது தொழிற்சாலை. சென்னையிலிருந்து வந்தவருக்கு இது புரியாது. நமக்குப் புரியும். சொல் வாழ்வது அகராதியில் மட்டும் அல்ல, மக்களின் நாக்கிலும்தான்.

சிரிக்க வேண்டாம், யோசிப்போம்

நான் பாடம் நடத்திய காலத்தில் ஆறாம் வகுப்பில் ஒரு மொழிபெயர்ப்புப் பயிற்சி கொடுத்தேன். 'தி மேட்ச் ஈஸ் ஓவர்' என்பது ஒரு வாக்கியம். ஒரு மாணவன், 'தீப்பெட்டி தீர்ந்துவிட்டது' என்று எழுதியிருந்தான். வகுப்பே சிரித்தது. அவன் முகம் சுண்டிப் போனது.

"ஏப்பா சிரிக்கிறீங்க? அவன் வீட்டில் மேட்ச் என்றால் அதுதானே? அவன் அம்மா வேலைக்குப் போகும் இடத்தின் பெயரே அதுதானே?" என்றேன். வகுப்பு அமைதியானது. பிறகு அந்த வாக்கியத்துக்கு முன்னால், 'எங்கள் பள்ளி வென்றது' என்ற பொருளில் இன்னொரு ஆங்கில வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதினேன். "இப்ப என்ன முடிஞ்சது?" என்று கேட்டேன். "விளையாட்டு சார்!" என்று முதலில் சொன்னவன் அந்த மாணவன்தான்.

அவனுக்கு அறிவு குறைவில்லை. அவனுக்குக் கிடைத்தது தனியாக நின்ற ஒரு சொல், தனியாக நின்ற ஒரு வாக்கியம். அக்கம்பக்கம் கிடைத்ததும் உடனே பிடித்துக்கொண்டான். 'நமக்கு ஆங்கிலம் வராது' என்று பல பிள்ளைகள் ஒதுங்குவது இந்த இடத்தில்தான். வராதது ஆங்கிலம் அல்ல. வரவிடாமல் தடுப்பது அந்த நடுக்கோடு.

இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. உங்கள் பாட்டி, தாத்தா காலத்தை நினைத்துப் பாருங்கள். உங்கள் வயதில் அவர்களில் பலர் பள்ளிக்கூடம் போகவில்லை. தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கினார்கள். வீட்டுத் திண்ணையில் பெட்டி ஒட்டினார்கள். அதிகாலையில் வேன் வந்து குழந்தைகளை அள்ளிக்கொண்டு போன காலம் அது. அவர்களுக்கு மேட்ச் என்ற சொல்லுக்கு ஒரே ஒரு பொருள்தான் தெரிய வாய்ப்பு இருந்தது. வேறு பொருளைத் தேடிப் பார்க்கப் புத்தகமும் இல்லை, நேரமும் இல்லை.

1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்குட்பட்டவர்களைத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் அமர்த்துவதைத் தடை செய்தது. சிவகாசிக் குழந்தைகளுக்காகத் தொடரப்பட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் இருக்கும் குழந்தைகளை மீட்டுப் படிக்க வைக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2016-ல் சட்டம் திருத்தப்பட்டு, ஆபத்தான தொழில்களில் 18 வயது நிரம்பாத யாரையும் சேர்க்கக் கூடாது என்று ஆனது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 முதல் நடைமுறையில் இருக்கிறது. இத்தனை பேர் போராடி உங்கள் கையில் புத்தகத்தைக் கொடுத்திருக்கிறார்கள். அந்தப் புத்தகத்திலும் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் போதும் என்று நின்றுவிட்டால் எப்படி?

பரீட்சைக்கு இது போதாதா?

"பரீட்சையில் ஓர் அர்த்தம் எழுதினா மார்க் போட்டுடறாங்களே சார்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் பாருங்கள், பாடப் புத்தகத்தில் படித்த பத்தி மட்டுமா தேர்வில் வருகிறது? படிக்காத பத்தியைக் கொடுத்தும் கேள்வி கேட்கிறார்கள். நாளைக்குப் போட்டித் தேர்வு எழுதுவீர்கள். விண்ணப்பப் படிவம் நிரப்புவீர்கள். மருந்துப் பெட்டியில் இருப்பதைப் படிப்பீர்கள். அங்கெல்லாம் சொல் தனியாக வராது. கூட்டத்தோடு வரும்.

பட்டாசுப் பெட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். எப்படிக் கொளுத்த வேண்டும் என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும் இடத்தில் 'லைட்' என்று வந்தால், அது வெளிச்சமும் இல்லை, எடை குறைவும் இல்லை. பற்ற வை என்ற கட்டளை. ஒரு பொருள் மட்டும் தெரிந்தவன் அந்த எச்சரிக்கையைப் புரியாமல் தள்ளிவிடுவான். நெருப்பு விஷயத்தில் அப்படித் தள்ளிவிடலாமா?

எல்லாப் பொருளையும் மனப்பாடம் செய்யுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது இன்னும் பெரிய தண்டனை! மூன்று பழக்கம் போதும்.

ஒன்று, நோட்டில் நடுக்கோடு போடாதீர்கள். சொல்லை, அது வந்த வாக்கியத்தோடு சேர்த்து எழுதுங்கள். அதே சொல் வேறு பொருளில் வந்தால், அதன் கீழேயே அடுத்த வாக்கியத்தை எழுத நாலு வரி இடம் விடுங்கள். வருடக் கடைசியில் பாருங்கள், எத்தனை சொற்கள் குடும்பமாகி இருக்கின்றன என்று.

இரண்டு, சொல்லின் அக்கம்பக்கத்தைப் பாருங்கள். மேட்ச் பக்கத்தில் 'ஸ்டிரைக்' வந்தால் பெரும்பாலும் தீக்குச்சி. 'பிளே', 'வின்', 'டிரா' வந்தால் ஆட்டம். நிறம், துணி, விடை என்று வந்தால் பொருத்தம். ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டால் ஈடு. துப்பறிபவர் தடயம் தேடுவதைப் போலத் தேடுங்கள்.

மூன்று, அகராதியில் முதல் பொருளைப் பார்த்ததும் மூடிவிடாதீர்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டிருப்பதைக் கடைசி வரை படியுங்கள். வீட்டில் அகராதி இல்லையா? ஊர் நூலகத்தில் கேளுங்கள். கைபேசியில் பார்த்தாலும் சரி, முதல் வரியோடு நின்றுவிடக் கூடாது.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். "இன்னைக்கு எத்தனை வேர்டு படிச்ச?" என்று கேட்பதற்குப் பதில், "இன்னைக்குப் படிச்ச வேர்டை வச்சு ரெண்டு வாக்கியம் சொல்லு" என்று கேளுங்கள். அந்த வாக்கியம் உங்களுக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை. பொருளைப் பிள்ளையே உங்களுக்கு விளக்கிச் சொல்லட்டும். விளக்கிச் சொன்னது மறக்காது.

இந்த வாரத்துக்கு ஒரு வேலை தருகிறேன். நம் ஊரின் இன்னும் இரண்டு தொழில்களிலிருந்தே சொற்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று 'பிரஸ்'. சிவகாசியில் காலண்டர் அடிக்கும் இடத்துக்கும் அதுதான் பெயர், சட்டையைத் தேய்ப்பதற்கும் அதுதான் பெயர். வண்டியில் ஒட்டியிருந்தால் வேறு பொருள். இரண்டாவது 'பயர்'. நெருப்பும் அதுதான். வேலையை விட்டு அனுப்புவதும் அதுதான். இன்னும் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் எத்தனை பொருள் கிடைக்கிறது என்று தேடி, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வாக்கியம் எழுதுங்கள். நண்பர்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். யார் பட்டியல் நீளம் என்று ஒரு மேட்ச் வைத்துக்கொள்ளுங்கள்!

- ஓய்வு பெற்ற ஆசிரியர், மல்லாங்கிணறு.